பால்கனியில் காய்ந்த சட்டை

மழை நாளில் பால்கனியில் துணி காயப்போட்டால் நாற்றம் வரும் என்பது என் மனைவி கவிதாவின் கட்சி. நான் என் சட்டையை முகர்ந்து காட்டி, "எங்க நாறுது?" என்பேன். இரண்டு வருடமாக இப்படித்தான் ஜெயித்து வந்தேன்.

இந்த வாரம் அவள் கிள்ளானில் அம்மா வீட்டில் இருக்கிறாள். நானே துவைத்து, நேற்று மழையோடு பால்கனியில் காயப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு இன்று பங்சார் அலுவலகத்துக்குப் போனேன்.

பக்கத்து மேசை மாலதி மெதுவாகக் கேட்டார்.

"பாஸ், காலையில மழையில மாட்டிக்கிட்டீங்களா?"

காலையில் மழையே இல்லை.

சாயங்காலம் எல்லாத் துணியையும் கூடையில் அள்ளிக்கொண்டு, எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் டோபி கடைக்குப் போனேன். அங்கே மெஷினில் துணி காயவைக்கலாம். எனக்கு அதுதான் முதல் தடவை.

கடை ஆன்டி என்னை விட்டுவிட்டுக் கூடையைப் பார்த்தார்.

"இது கவிதா கூடையாச்சே. வாராவாரம் அவங்கதானே கொண்டாந்து காயவைப்பாங்க. நீங்க யாரு?"

"ஹஸ்பண்ட்."

"ஓ, அந்த பால்கனிக்காரர் நீங்கதானா?"

நான் முகர்ந்து காட்டிய சட்டைகள் எல்லாம் இங்கே காய்ந்தவை.

நாளை கவிதா வருகிறாள். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் லா. தயவுசெய்து யாரும் இந்தப் பதிவில் அவளை டேக் செய்ய வேண்டாம்.