ராக் விழாவுக்குப் போன ஐஸ் பாக்டரி ஜெனரேட்டர்

ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவனின் பெயர், அது நின்றுபோகும் நேரத்தில்தான் ஊருக்கு ஞாபகம் வரும். கல்யாணத்துக்கு வந்தவர் எவரும் பந்தலுக்குப் பின்னால் வந்து, இன்றைக்கு நன்றாக ஓட்டினீர் என்று எனக்குக் கைகொடுத்ததில்லை. மைக் செட், பந்தல், சீரியல் லைட் என்று பிழைக்கிற நம்மாட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கரண்டு போய்த் தெருவே தலையில் அடித்துக்கொள்ளும் நேரத்தில், என் வீட்டில் மட்டும் அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்: "உங்களுக்கு விடிஞ்சாச்சு." அப்படிச் சொன்ன மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. என் தொழிலை அவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

கைகொடுக்க ஆள் வந்த ஒரு நாளும் உண்டு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முகூர்த்த நாள்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டை ஒட்டிய வருடங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அப்படி ஒரு மாசி மாதம், கோட்டாற்றில் இருந்த என் ஷெட்டுக்கு ஜெஸ்லின் என்ற பெண் வந்தாள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கடைசி வருடம். அங்கே ராக் இசை விழா, காலையிலிருந்து சாயங்காலம்வரை. விழாவை நடத்துவதும் அவள்தான்; கடைசியாக வாசிக்கப்போகும் குழுவில் டிரம்ஸ் அடிப்பதும் அவள்தான். முந்தின வருடம் பாட்டின் நடுவே கரண்டு போய், நாற்காலிகள் பறந்து, பெரிய ரகளையாகியிருந்தது. அதனால் பிரின்சிபால் இந்த வருடம் ஒரே நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். மேடையில் ஒரு தடவை கரண்டு நின்றாலும் விழா அந்த இடத்தோடு முடிந்தது, இனி எந்த வருடமும் கிடையாது.

அன்றைக்கென்று நல்ல முகூர்த்தம். நாகர்கோவிலில் இருந்த ஜெனரேட்டர் எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போயாகிவிட்டது. மிச்சம் இருந்தது என்னுடையது. குளச்சல் பக்கம் மூடிப்போன ஓர் ஐஸ் பாக்டரியிலிருந்து நான் வாங்கியது. எத்தனை தடவை கழுவினாலும், சூடேறினால் அயிலை மீன் மணம் அடிக்கும். சைவச் சாப்பாடு போடுகிற கல்யாண வீட்டார் அதை வாசல் பக்கமே விடமாட்டார்கள். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். அவள் இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"மணந்தா மணக்கட்டும் அங்கிள். நிக்கப்பிடாது, அவ்வளவுதான்."

மாலை

திருவிழாவுக்குப் போகிற ஜெனரேட்டரை நம் பக்கத்தில் யாரும் ஒளித்துவைப்பதில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தச் சொல்வார்கள். சந்தனம் தொட்டு மாலையும் போடுவார்கள். எங்கள் ஊருக்கும் ஜெனரேட்டர் வந்திருக்கிறது என்று நாலு பேர் பார்க்க வேண்டாமா? அந்தப் பழக்கத்தில் நானும், என்னோடு மினி லாரி ஓட்டுகிற செல்லத்துரையும் காலையிலேயே போய், மேடைக்கு வலது கைப்பக்கம், கூட்டத்தைப் பார்த்த மாதிரி நிறுத்தினோம். வழியில் தோவாளைச் சந்தையில் வாங்கிய பிச்சிப்பூ மாலையைச் செல்லத்துரை அதற்குப் போட்டார்.

சவுண்டு பார்க்க பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தார். ஒருதரம் ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். மேடையில் நின்ற மைக்குகள் தந்தியடிக்க ஆரம்பித்தன. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் முடியவில்லை. அவர் கோபப்படவே இல்லை. மாலையை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாகக் கேட்டார்.

"சார், இவரும் பாடப்போறாரா?"

சுக்குக்காப்பி

மாலையோடு கொண்டுபோய் விடுதிச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினோம். அங்கிருந்து மேடை தெரியாது. சுற்றிலும் காற்றாலைகள், காற்றில்லாமல் ஒன்றுகூடச் சுற்றவில்லை. பத்தரை மணிபோல ஊர்க் கரண்டு போயிற்று. நாங்கள் முன்பே ஓட்டத் தொடங்கியிருந்ததால் மேடையில் யாருக்கும் அது தெரியவே தெரியாது. ஒரு நாளில் ஜெனரேட்டர்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மூன்றாவது குழு பாடத் தொடங்கியதும் செல்லத்துரை கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்துவிட்டார். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வந்தது பாட்டா, யாரையாவது போட்டு அடிக்கிறார்களா என்று எனக்கும் சந்தேகம்தான். செல்லத்துரை தினம் ஜெபம் பண்ணுகிற மனிதர். "ஓய், அந்தப் பயலுக்கு உள்ள என்னமோ பூந்திருக்கு. பெத்தவ கேட்டா தாங்குவாளா?" என்றார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார். அதோடு விடாமல், பிளாஸ்கில் இருந்த சுக்குக்காப்பியை எடுத்துக்கொண்டு மேடையின் பின்படிக்கே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாடகரைக் கூடவே அழைத்துவந்தார். இடுப்புவரை முடி, கறுப்புச் சட்டை, சட்டையில் மண்டை ஓடு. பேச்சோ பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவு மெது. தக்கலைக்காரப் பையன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடற்குழுவிலும் பாடுவானாம். காப்பியை ஊதி ஊதிக் குடித்தான்.

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல மாமா, நான் பாடுறதே அப்பிடித்தான். இன்னும் அரை கிளாஸ் கிடைக்குமா?"

மூச்சு

மேடையைப் பார்க்காவிட்டாலும் அங்கே நடப்பது எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் ஒன்று உண்டு. அது விழும்போதெல்லாம் என் இயந்திரம் 'ம்' என்று ஒருமுறை தணிந்து எழும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு மாதிரி மூச்சு. மத்தியானம் ஆனபோது ஒரு குழு முடிந்து அடுத்தது ஏறுவதை, எட்டிப் பார்க்காமல் என்னால் சொல்ல முடிந்தது.

மூன்று மணிக்கு மேல் மூச்சு மாறியது. மேடையில் யாரும் வாசிக்கவில்லை. இயந்திரமோ மலையேறுகிற லாரி மாதிரி முனகியது. ரேடியேட்டரின் சூடு காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எங்கள் பேனலிலிருந்து நான் இழுக்காத ஒரு வயர் போவதைச் செல்லத்துரைதான் முதலில் பார்த்தார். திருவிழாக் கடைக்காரர்கள் உரிமையோடு ஒரு டியூப் லைட்டுக்கு இழுப்பார்கள், நாமும் கண்டுகொள்வதில்லை. இது அதைவிடத் தடித்த வயர். பிடித்துக்கொண்டே நடந்தேன். கேன்டீன் வாசல், நூலகச் சுவர், மாடிப்படி என்று ஏறி, கடைசியில் பிரின்சிபால் அறைக்குள் போய் ஏசியில் முடிந்தது. கல்லூரி எலக்ட்ரீஷியன் நல்ல மனதோடு செய்த சேவை.

எனக்குப் பேச்சு வராது. வயரைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனேன். "ஐயா, இது ஓடினா மேடை நின்னுபோகும்" என்று மட்டும் சொன்னேன். பிரின்சிபால் என்னைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பிறகு தலைக்கு மேலே இருந்த ஏசியைப் பார்த்தார். தன் கையாலேயே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். வெக்கை முகத்தில் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.

"வாரும், அந்த மிஷின் சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு நானும் பாக்கணும்."

வந்த கரண்டு

நான் திரும்பியபோது, செல்லத்துரை கூப்பிட்டுவந்த ராக் குழுக்களின் கறுப்புச் சட்டைக்காரர்கள் விடுதிக் குழாயிலிருந்து வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். தக்கலைப் பாடகன் முன்னால் நின்று ரேடியேட்டர் மேல் போட்ட ஈரச் சாக்கை மாற்றிக்கொண்டிருந்தான். செல்லத்துரை, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி, "மக்கா, மூடியில ஊத்தாத, வெளிய மட்டும் ஊத்து" என்று சத்தம்போட்டபடி நடந்தார். முள் மெல்ல இறங்கியது. அந்த நேரம் ஜெஸ்லினின் குழு மேடை ஏறியது. அந்த மிதி மற்றவர்களுடையது மாதிரி இல்லை. அவசரமில்லாமல், கனமாக, ஒன்றுபோல விழுந்தது. என் இயந்திரம் அதற்குத் தலையாட்டியது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசிப் பாட்டு பாதி போயிருக்கும். எலக்ட்ரீஷியன் ஓடிவந்தார். "கரண்டு வந்தாச்சு! உங்க மிஷினுக்கு ஓய்வு குடுப்போம், மெயின்ல மாத்திருவோம்" என்று சுவிட்சில் கைவைத்தார். நம்மாட்களுக்குத் தெரியும்: மாற்றுகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரம் மேடை செத்துப் பிழைக்கும். ஸ்பீக்கர் அடங்கும், விளக்கு அணையும். பிரின்சிபாலின் நிபந்தனைப்படி, நின்றது நின்றதுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறினார். நான் பிடியை விடவில்லை.

பிரின்சிபால் வாளி வரிசையின் ஓரத்தில் சட்டை நனைய நின்றிருந்தார். எலக்ட்ரீஷியன் அவரிடம் முறையிட்டார். சுவருக்கு அந்தப்பக்கம் கூட்டம் மொத்தமும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தது. பிரின்சிபாலின் காலும் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்ததை அவரே கவனித்திருக்கமாட்டார். பாட்டு முடியட்டும் என்று அவர் கையைக் காட்ட, எலக்ட்ரீஷியன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். முடிந்ததும் எழுந்த ஆரவாரத்தில் எங்கள் இயந்திரச் சத்தமே கேட்கவில்லை. ஜெஸ்லின் டிரம் குச்சிகளோடு சுவரைச் சுற்றி ஓடிவந்து, கரி படிந்த என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எலக்ட்ரீஷியன் மறுபடியும், "இப்பவாவது மாத்தலாமா சார்?" என்றார்.

"கூட்டம் இன்னும் ஒரு பாட்டு கேக்குது. வந்த கரண்டு வெளியே நிக்கட்டும்" என்றார் பிரின்சிபால். "அடுத்த வருஷமும் இவரையே கூப்பிடுங்க."

ராக் இசை எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் நடுவில் நிற்காது என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.