தங்கச்சி மேல் இறங்கிய ஆத்தா

ஐம்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையின் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளின் ஒரே லயக் காம்பராவில் நாங்கள் நால்வர். தங்கச்சிக்கு ஐந்து வயது, பேச்சு வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்து முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருப்பாள். அதில் என்ன நிம்மதியோ, ஆடும்போது மட்டும் அவள் முகம் தெளிந்திருக்கும்.

அப்பாவுக்கு அது பொறுக்காது. "ஆடாத!" என்று முதுகில் ஒன்று வைப்பார். அம்மா தன் பங்குக்கு, கிழிந்த சேலைத் துண்டால் அவளை வாசல் தூணோடு கட்டிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா அவளைச் சேர்க்க மறுத்துவிட்டாள். மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றிக்கொள்ளுமாம். ஆட்டம் என்ன, சொறி சிரங்கா?

மாரியம்மன் திருவிழாவில் எல்லாம் தலைகீழானது. தப்பு முழங்க, ஐந்தாறு பெண்கள் சாமி வந்து ஆடினார்கள். கோயில் வாசலில் தங்கச்சியும் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருந்தாள். கங்காணியின் மனைவி பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"புள்ள மேல ஆத்தா எறங்கிருக்கா!"

அவ்வளவுதான். நேற்றுவரை பைத்தியம் என்றவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். ஐந்து வருஷமாக ஆத்தா எங்கள் காம்பராவில் குடியிருந்தது அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை, பாவம்.

அப்பா எல்லோரையும் மிஞ்சினார். மறுநாளே மணை போட்டு, மஞ்சள் பாவாடை கட்டி, அவளை உட்காரவைத்துக் காலில் விழுந்தார். வெள்ளிதோறும் குறி கேட்க ஆள் வந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர், வாசலில் நின்று வரிசை ஒழுங்குபடுத்தினார். நானும் யோக்கியமில்லை, ஆத்தாவுக்கே அக்கா என்று மினுக்கிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வெள்ளி அவள் ஆடவில்லை. சாம்பிராணிப் புகைக்கும் கூட்டத்துக்கும் மிரண்டு, காதைப் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்தாள். கங்காணியின் மனைவி முகம் சுளித்தாள். அப்பா குனிந்து, "ஆடு" என்றார். தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசியில், சற்று முன் தான் விழுந்து கும்பிட்ட அந்த ஆத்தாவை, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார்.

அம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆடுனாலும் அடிக்கிறீங்க, ஆடாட்டியும் அடிக்கிறீங்க. நானும் கட்டிப்போட்டவதான். இந்தப் புள்ள என்ன செஞ்சா நம்ம கையி சும்மா இருக்கும்? அதச் சொல்லுங்க."

வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கன்னம் சிவந்த தங்கச்சி அம்மாவின் மடியில் மெதுவாக ஆடத் தொடங்கினாள். அப்பாவின் கை தானாக உயர்ந்தது. அடிக்கவா, கும்பிடவா என்று அவருக்கே தெரியாமல், அப்படியே நின்றது.