ஜெக்கரியா பாயின் ஊக்கு டப்பா

ஜெக்கரியா பாயைப் பற்றிக் கேட்டால் தாராசுரத்தில் இன்றைக்கு ஊர் பேரைக் கெடுத்த ஆள் என்பார்கள். என் கடையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே யாராவது அப்படிச் சொல்லட்டும் பார்க்கலாம். டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன்.

பாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. கும்பகோணத்தில் வீடு. இருபது வருஷமாக நவக்கிரகக் கோயில்களுக்கு வேன் ஓட்டுகிறார். உள்ளே போய்க் கும்பிடுகிறவர் இல்லை. ஆனால் எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள், எந்தக் கிழமையில் கூட்டம் நெரியும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வந்தவர்கள் செருப்பை வேனிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், திரும்பி வரும்வரை இவர் வண்டியை விட்டு நகரமாட்டார். தாராசுரம் கோயில் பார்த்தவர்களை நேரே என் கடைக்குக் கூட்டி வருவார்.

"ஷோபனா தங்கச்சி, நம்ம ஆளுங்க. காபியை நல்லா போடு."

"ஏன், மத்தவங்களுக்கு என்ன கழனித் தண்ணியா குடுக்கறேன்?" என்று நான் எகிறுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் செயினை, பைக்கில் வந்த இரண்டு பேர் கோயில் தெருவில் அறுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து என் கடை வாசலிலேயே இன்னொரு அம்மாளின் செயின் போனது. இரண்டு தடவையும் வேன் ஸ்டாண்ட் தலைவர் அமிர்தலிங்கம் ஓடி வந்தார். "கேஸு கீஸுன்னு போனா பேப்பர்ல வரும். அப்புறம் ஒரு வண்டி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது" என்றார். அவர் எங்கள் வாயை அடைத்தார் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்து, "கோர்ட்டு, ஸ்டேஷன்னு உங்களால அலைய முடியுமாம்மா?" என்று நைச்சியமாகப் பேசி அனுப்பி வைத்தவள் நான்தான். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்படி மூடியும் மறைந்ததா? செல்போன் இருக்கும் காலத்தில் எது மறையும்! வேன்கள் பாதியாகக் குறைந்தன. எதிர் வீட்டில் பயணிகளுக்கு அறை விட்டவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். பித்தளை விளக்கு விற்ற பூவிழி, பெண்ணை டியூஷனுக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது என்று குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டாள். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீட்டில் பூட்டு தொங்குகிறது.

பாய் அப்போதுதான் வேனில் ஒரு தகர டப்பா வைத்தார். அது நிறைய ஊக்கு. பெண்கள் இறங்கும்போது நீட்டுவார். "காத்து ஜாஸ்திம்மா, தலைப்பு பறக்கும். செயினையும் சேத்துத் தோள்ல ஒரு ஊக்கு போட்டுக்குங்க." காற்றாவது மண்ணாவது! எதற்கு என்று எங்களுக்கெல்லாம் தெரியும். போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

போன ஐப்பசியில் கோயம்புத்தூரிலிருந்து கமலாம்பாள் என்று ஒரு அம்மாள் வந்தார். கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்து உயிர் பிழைத்திருக்கிறார். அதற்காக ஒன்பது கோயிலும் சுற்றுவதாக வேண்டுதல். எட்டு முடிந்துவிட்டது. திங்களூர் மட்டும் பாக்கி. "ஒம்பதையும் முடிச்சு உங்களை ரயில் ஏத்துறது என் பொறுப்பும்மா" என்று பாய் என் எதிரேதான் சொன்னார்.

எங்கள் ஊர்க் கோயிலைப் பார்த்துவிட்டு என் கடைக்கு அந்த அம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தார். பைக் வந்தது. தாலிச் செயினைப் பிடித்து இழுத்தார்கள். ஊக்கு போட்டிருந்ததால் செயின் வரவில்லை. அந்த அம்மாளே பைக்கோடு இழுபட்டார். பத்தடி தூரம். அதற்கப்புறம்தான் செயின் அறுந்தது. தோள் எலும்பு முறிந்து, ரவிக்கை கிழிந்து, மண்ணில் கிடந்தார். அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலும் அமிர்தலிங்கம் வந்து நின்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பாயிடம் அதையே சொன்னேன். "ரெண்டு பொண்ணை வச்சிருக்கீங்க. வேன்தான் சோறு போடுது. பேசாம விடுங்க பாய்."

"ரெண்டு தடவை விட்டோமே, என்னத்தைக் கண்டோம்?" என்றார். "ஊக்கு குடுத்தவன் நான். எதுக்குன்னு சொல்லாம குடுத்தவனும் நான்தான்."

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வேனிலிருந்து பார்த்து வைத்திருந்த பைக் நம்பரைக் கொடுத்தார். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் அகப்பட்டார்கள். பேப்பரில் வந்தது. அந்தக் கார்த்திகையில் தெரு வெறிச்சோடியது. ஸ்டாண்டில் பாய்க்குச் சவாரி முறை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வேனை விற்றுவிட்டுத் துபாயில் இருக்கும் தம்பியிடம் போகச் சொல்லி அவர் மனைவி லத்தீஃபா அழுதாள்.

"அந்தம்மா சாட்சி சொல்ல வருவாங்க. அன்னிக்குத் திங்களூர் கூட்டிட்டுப் போயிடறேன். மத்ததை அப்புறம் பாப்போம்" என்பதே பாயின் பதில்.

போன மாதம் கமலாம்பாள் வந்தார். ஒரு கையைத் தூக்கவே முடியவில்லை. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. நானும் சாட்சி என்பதால் மூன்று பேரும் பாயின் வேனிலேயே கோர்ட்டுக்குப் போனோம். அந்த இருவர் மேல் இருக்கும் வழக்கை விவரித்த சர்க்கார் வக்கீல், இதே தெருவில் இதற்கு முன்பும் இரண்டு முறை அறுத்ததாக அவர்கள் ஒப்புக்கொண்டதைச் சொன்னார்.

வெளியே வந்து வேனில் ஏறியதும் பாய் மெதுவாகச் சொன்னார். "நாலு மணிக்கு நடை திறந்துடும்மா. திங்களூர் போயிடலாம்."

கமலாம்பாள் என் பக்கம் திரும்பினார். "இதே இடத்துல முன்னாடியே ரெண்டு தடவை நடந்திருக்கேம்மா. உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு வார்த்தை, ஒருத்தர்கூட ஏன் எங்கிட்ட சொல்லல?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊரையே பேச்சில் ஜெயிக்கிறவள் நான்.

"என்னை ரயில்வே ஸ்டேஷன்ல விட்டுடுங்க தம்பி" என்றார். "உங்க மேல கோபமில்ல. ஆனா இந்த ஊர்ல இன்னொரு தடவை என்னால இறங்கி நடக்க முடியாது."

ஸ்டேஷனில் விட்டோம். பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பிய பாய், அந்த டப்பாவை எடுத்து வந்து என் கல்லா மேசையில் வைத்தார். "இனிமே இது வேணாம் தங்கச்சி. வாயால சொல்லிடறேன்."

மறுநாள் காலையில் எப்படியோ ஒரு சவாரி கிடைத்திருந்தது. சேலத்துக் குடும்பம். கோயில் வாசலில் வேனை நிறுத்திவிட்டுத் தெருவே கேட்கும்படி சொன்னார். "அம்மா, இந்தத் தெருவுல மூணு தடவை செயின் அறுத்திருக்காங்க. புடிச்சிட்டாங்க, இருந்தாலும் கழட்டி உள்ள வச்சுக்குங்க." எதிர்ப்பக்கம் நின்ற அமிர்தலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண் அவசரமாகச் செயினைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் கோயிலைப் பார்த்துவிட்டு, காபிகூட வேண்டாம் என்று வேனில் ஏறிவிட்டார்கள்.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. வேன் ஜன்னல் வழியாக பாய் என்னைப் பார்த்தார், கோபித்துக்கொள்வேனோ என்று.

"போகட்டும் பாய்" என்றேன். "பத்திரமா கொண்டுபோய் விடுங்க."