மெழுகில் வைத்த நான்கு பற்கள்

1957ஆம் ஆண்டு, புதுக்கோட்டை பல் டாக்டர் உடையப்பனிடம் திருமயம் பள்ளி ஆசிரியை அமராவதி முந்தானையால் வாயை மூடியபடி வந்தாள். பஸ் திடீரென நின்றபோது கம்பியில் மோதி, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் உடைந்திருந்தன. மிஞ்சிய வேர்களை அவர் எடுத்துவிட்டார்.

"அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வாராருங்க. அதுக்குள்ள பல்லுக் கட்டிக் குடுங்க. பாடம் சொன்னா வெறும் காத்துதான் வருது."

"மூணு மாசம் பொறுங்க டீச்சர். ஈறு ஆறி வத்தணும். இப்பவே கட்டினா பெறகு லொடலொடன்னு ஆடும்."

கோபமாகத்தான் போனாள். இன்ஸ்பெக்டர் வந்த அன்று பாடம் முழுவதையும் கரும்பலகையில் எழுதியே சமாளித்தாள். மூன்று மாதம் கழித்து அவரிடமே வந்தாள்.

உடையப்பன் அச்சு எடுத்து, பற்களை முதலில் மெழுகில் பதித்து அவள் வாயில் பொருத்தினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ஒங்க வகுப்புப் பிள்ளைங்க பேரை வாசிங்க. எனக்குக் காது போதும்."

"ஆத்மநாதன்" என்ற முதல் பெயரே குழறியது. அவர் பற்களை மயிரிழை உள்ளே தள்ளினார். மறுபடி வாசிக்கச் சொன்னார், மறுபடி நகர்த்தினார். நான்காம் முறை பெயர் பளிச்சென்று வந்தது. அமராவதி யாரும் கேட்காமலே நாற்பது பெயர்களையும் வகுப்பறைக் குரலில் வாசித்தாள்.

கடைசிப் பெயர் வரை உடையப்பன் திரும்பவில்லை. அந்த இடத்திலேயே பற்களை நிறுத்தி, பல்செட்டைச் செய்து முடித்தார். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் சொன்னார்: "இத்தனை நாளும் வெறும் பல்லுதான் கட்டினேன். இன்னிக்குத்தான் நான் டாக்டர்."