படத்தில் இல்லாத குசினி

அந்த யந்திரத்தின் பேனா தானாக நகர்ந்து ஒரு கோட்டை மதிலை வரைந்ததை என் கண்ணால் பார்த்தேன். கண்டியில் அக்கா வேலை செய்த கட்டட வரைபட அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிது. கணினியில் போட்ட கோடுகளைப் பெரிய தாளில் வரைந்து தர மேசை அளவில் ஒரு யந்திரமும் கூடவே வந்திருந்தது, ப்ளொட்டர் என்றார்கள். பழகுவதற்கு எதையாவது வரைந்து பார் என்று பொறியியலாளர் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் வீடு வரைந்தார்கள், கராஜ் வரைந்தார்கள். என் அக்கா கோட்டை வரைந்தாள். வாசல், காவல் மேடை, நிலவறை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியால் போகும் சுரங்கம் என்று ஒவ்வொன்றாகத் தாளில் வந்து விழுந்தன. மருந்துக்கும் ஒரு கோணல் கிடையாது. "பாத்தியா நம்ம கோட்டைய!" என்றாள் அக்கா. பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்க்கும் தாயின் முகம் அவளுக்கு.

நம்ம கோட்டை என்று அவள் சொன்னது ஒரு விளையாட்டை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அதே பொறியியலாளர்தான் அதன் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அக்கா அதைப் போட்டோ கொப்பி எடுத்து, எங்களுக்கு வேண்டிய அளவுக்குத் தமிழில் சொல்லித் தந்தாள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இப்போது நான் கதவைத் தட்டுகிறேன், இப்போது நான் ஓடுகிறேன் என்று சொல்லவேண்டும். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைப் பல முகம் கொண்ட பகடை முடிவுசெய்யும். அந்தப் பகடைக்குக் கண்டியில் எங்கே போவது? எங்கள் மாதா கோயில் கார்னிவலில் டொம்போலா விளையாடும் இலக்கக் கட்டைகளில் தேவையானதை ஒரு சீத்தைத் துணிப் பைக்குள் போட்டுக் குலுக்கினோம். பெரிய இலக்கம் வந்தால் அதிர்ஷ்டம், சின்னது வந்தால் அவ்வளவுதான்.

மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சாப்பிட்டு எழும்பியதும் நாலு பேர் கூடுவோம். அக்கா, ஆசிரியையாகிப் புதிதாக நியமனம் பெற்றிருந்த நான், கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரியூஷன் வகுப்பு நடத்திய கணித மாஸ்டர். வளர்ந்த மனிதர்கள் பட்டப்பகலில் அரக்கனுக்குப் பயந்து கத்துவதைக் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொள்வார். வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் கதிரைகளை இழுத்துப் போடுவோம். எங்களுக்கென்று ஒரு கோட்டை இருந்ததும், அதில் எந்தக் கதவைத் திறப்பது என்பதை நாங்களே தீர்மானித்ததும் அந்த நாட்களில் எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் விளங்குகிறது.

கதை சொல்லுவது எப்போதும் அக்காதான். அவளைப் போலச் சொல்ல ஆள் கிடையாது. இதைத் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. தங்கை என்பதற்காகத்தான் சொல்கிறேன் என்றாலும் பரவாயில்லை. ஹந்தானை மலையில் பனி இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் வாயைத் திறந்தால் அந்தப் பனி எங்கள் அறைக்குள் வந்துவிடும். "யன்னல் ஏதும் இருக்கா தங்கச்சி?" என்று நானா கேட்பார். அதுவரைக்கும் யன்னல் இருந்திருக்காது. அவர் கேட்டதும் ஒன்று முளைக்கும், அதில் ஒரு கம்பி வேறு உடைந்திருக்கும். "அந்தக் கம்பியைக் கழட்டேலுமோ?" என்று மாஸ்டர் கேட்பார். இப்படிக் கேட்டுக் கேட்டே அந்தக் கோட்டையைக் கட்டினோம்.

கணினியில் வரைந்த படத்தை மேசையில் விரித்த ஞாயிறு எல்லாரும் அசந்துபோனோம். நானா தாளைத் தொடுவதற்கு முன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தாளில். மாஸ்டர் அடிமட்டம் எடுத்துத் தாளில் இருந்த கட்டங்களை அளந்தார். "உங்கட ஆள் ஆறு கட்டத்துக்கு மேல போகேலாது நானா." "அது எப்பிடி மாஸ்டர், குறுக்கால போனா அஞ்சுதானே?" அந்த வழக்கிலேயே பொழுது போய்விட்டது. அவர்கள் போன பிறகு அக்கா படத்தைச் சுருட்டிக்கொண்டே, "எல்லாமே இருக்கு. ஆனா இன்னைக்கு யாரும் ஒன்னும் கேக்கல" என்றாள். கணினியை அவள் குறை சொல்லவில்லை. அதன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. அதனால்தான் குழம்பிப்போனாள்.

அடுத்த கிழமை நானாவின் மனைவிக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் அவருடைய வீட்டிலேயே விளையாடலாம் என்றானது. "இந்தக் காலத்துல தாளு கீளு எதையும் கையில கொண்டு போகாதீங்கடி" என்று அம்மா சொன்னார். கலவரத்தைப் பார்த்தவர் அவர். வீட்டில் எழுதின காகிதம் கிடந்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். இது வெறும் விளையாட்டுத்தானே என்று நாங்கள் சிரித்துவிட்டுக் கிளம்பினோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் எங்களைத் தனியாக நிறுத்துவது வழக்கம்தான். அன்று அங்கிருந்த பொலிஸ் சார்ஜன்ட் அக்காவின் கையிலிருந்த படச் சுருளையும் விரித்தார்.

அந்த நிமிடம்தான் அவருடைய கண்ணால் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.  இரண்டு தமிழ்ப் பெண்கள். கையில் அளவு போட்ட ஒரு படம். அதில் காவலர் நிற்கும் இடம், காவல் மாறும் இடம், தண்ணீர்த் தொட்டி, அதற்கு அடியால் சுரங்கம். விளையாட்டு என்று அக்கா சிங்களத்தில் சொன்னாள். "விளையாட்டுன்னா காய் எங்க? இப்படி அளவு போட்டு யார் விளையாட்டுக்கு வரையிறது?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கையால் கிறுக்கியிருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார். அக்காவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? அக்காவைப் பெரிய பொலிசுக்குக் கொண்டுபோக ஜீப்புக்குச் சொல்லியனுப்பினார்கள். அப்படி ஜீப்பில் ஏறிய பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பி வராத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. 

அக்கா படத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "ஜீப் வர்ற வரைக்கும் விளையாடிக் காட்டட்டுமா சேர்?" என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஆரம்பித்தும் விட்டாள். "மழை பெய்யுது. நீங்க ஒரு கோட்டை வாசல்ல நிக்கிறீங்க. உள்ளே போகணும். காவல்காரன் ஈட்டியில சாஞ்சு நின்னபடியே தூங்குறான். என்ன செய்யப் போறீங்க?"  அவளுடைய குரல் நடுங்கவில்லை. சார்ஜன்ட் அவளை முறைத்தார். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள், "எழுப்புங்க சேர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனையும் ஒருமுறை முறைத்துவிட்டு, "எழுப்புறேன்" என்றார் சார்ஜன்ட். அக்கா எடுத்து நீட்டிய இலக்கக் கட்டைப் பையில் கையை விட்டு எடுத்ததில் பெரிய இலக்கம் வந்தது. காவல்காரன் சத்தம் போடாமல் விழித்துக்கொண்டான்.

அடுத்ததாக அவர் சுரங்கத்தைக் கேட்பார், ஆயுதத்தைக் கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அவர், "சாப்பிட்டியான்னு அவன்கிட்ட கேக்குறேன்" என்றார். காலையிலிருந்து அவரும் நின்றுகொண்டிருந்தவர்தானே. அக்கா கண் சிமிட்டும் நேரம்கூடத் தயங்கவில்லை. "இல்லைன்னு தலையாட்டுறான் சேர். இடது பக்கம் நடந்தா குசினி இருக்கு. அடுப்பு இன்னும் அணையல. பலாக்காய்க் கறி வாசம் வருது." சார்ஜன்ட் அவனைக் கூட்டிக்கொண்டு குசினிக்குப் போனார். கொன்ஸ்டபிள் கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டான். அதற்கும் பையில் கை விட்டார்கள். உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

திடீரென்று அவர் படத்தைத் திருப்பினார். மூலை மூலையாகத் தேடினார். "குசினி எங்க? இதில இல்லையே" என்றார். குரல் மாறியிருந்தது. அகப்பட்டுக்கொண்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

"இல்ல சேர்" என்றாள் அக்கா. "நீங்க கேட்டதாலதான் வந்துச்சு."

அவர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த நேரான கோடுகளுக்கு நடுவில் கோணலாக ஒரு சதுரம் போட்டார். "காவல்காரனுக்குச் சாப்பாடு இல்லாம என்ன கோட்டை?" என்றார். ஜீப் வந்தபோது அவரே எழுந்து போய் ஏதோ பேசித் திருப்பி அனுப்பினார். படத்தை மட்டும் தரவில்லை. "இப்படிப்பட்ட படத்தை இனிமேல் கையில கொண்டு திரியாதே தங்கச்சி" என்றார்.

நானாவின் வீட்டுக்குள் போன பிறகுதான் அக்கா அழுதாள். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் அழுதாள். நடந்ததை நான்தான் சொன்னேன். "அல்லாஹ் காப்பாத்தினான், இன்னைக்கு விளையாட்டு வேணாம்" என்றார் நானா. முன்னரே வந்திருந்த மாஸ்டர் அடிமட்டத்தைத் தன் பைக்குள் வைத்துவிட்டு, "குசினிக்குப் பின்கதவு இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருக்கு மாஸ்டர்" என்றாள்.

இப்போது என் மகன் மெல்பேர்னிலிருந்து திரை வழியாக இதே விளையாட்டை விளையாடுகிறான். விளக்கு எரிகிறது, மழைச் சத்தம் கேட்கிறது, பகடை தானாக உருளுகிறது, அரக்கனுக்கு முகம்கூடக் கணினியே போட்டுத் தருகிறது. இதனால் பிள்ளைகளின் கற்பனை செத்துப்போகும் என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அறுபது வயதாகப் போகும் என் அக்கா கண்டியில் இருந்தபடி அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் கதை சொல்கிறாள். அந்த வித்தைகள் எல்லாவற்றையும் அவர்களைவிட வேகமாகப் பழகியும்விட்டாள். "பெரியம்மா, மேப்ல ஒரு பக்கம் வெறுமையா இருக்கே, போட மறந்துட்டீங்களா?" என்று மகன் கேட்டானாம். "அது நீ கேக்குறதுக்குத்தான்டா" என்றாளாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெருமையான நாள் ஒன்று உண்டு. பாலத்தில் அது நடந்து அடுத்து வந்த ஞாயிறு, அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், அதே பாலத்தால் நானா வீட்டுக்குப் போனோம். கையில் படம் இல்லை. பஸ்ஸிலிருந்து இறக்கி வழக்கம்போல எங்களைத் தனியாக நிறுத்தினார்கள். அதே சார்ஜன்ட் வந்து அடையாள அட்டைகளை வாங்கினார். யாரோ முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல எங்கள் முகத்தைப் பார்த்தார். அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "அந்தக் காவல்காரன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டான் சேர்" என்றாள் என் அக்கா. "உங்களுக்கும் ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வச்சிருக்கான்."