அக்காவுக்குப் பறித்த ஆவாரம்பூ

போத்தனூரில் எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு தரிசு நிலம் வரும். மார்கழி பிறந்ததுமே அங்கே ஆவாரை மஞ்சளாகப் பூத்துவிடும். பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலையோடு சேர்த்து வைப்பதற்காக ஆட்கள் வந்து கொத்துக் கொத்தாக ஒடித்துப் போவார்கள். நான் மட்டும் தை முடியும்வரை தினமும் காலையில் ஒரு துணிப்பையோடு போய்ப் பூவாகப் பறித்து வருவேன். அக்காவுக்காக.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குச் சைக்கிள் பழக்கியவள் அவள்தான். சூலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு தறிகளை அவளே பார்த்துக்கொண்டாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை. சர்க்கரை வந்து, மாத்திரையில் அடங்காமல், வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. ஊசி என்றாலே அவளுக்கு நடுக்கம்.

ஆவாரம்பூ சர்க்கரைக்கு நல்லது என்று நான்தான் சொன்னேன். பூவை நிழலில் உலர்த்தி, டப்பாவில் அடைத்து, மாதம் ஒருமுறை பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிப்பாள். சில வாரம் கழித்துப் போனபோது பரிசோதித்த சீட்டைக் காட்டினாள். கொஞ்சம் குறைந்திருந்தது.

"பாத்தியா தம்பி, உன்ற பூ கேக்குது!"

"ஊசியும் போட்டுக்குறீங்கல்லங்க்கா?"

"அதெல்லாம் போடறேன் கண்ணு."

நானும் நம்பினேன். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் இரண்டாவது முறை கேட்கவில்லை.

அந்தக் கோடையில் புதுச்செருப்பு கடித்து அவள் காலில் கொப்புளம் வந்தது. கால் மரத்துப் போயிருந்ததால் வலியே தெரியவில்லை. தெரிந்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "ஊசி எப்பம்மா நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கூட வந்திருந்த அவள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பூத்தண்ணி குடிக்க ஆரம்பிச்சதுமே நிறுத்திப்போட்டேனுங்க," என்றாள் அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ற தம்பியத் திட்டிப்போடாதீங்க. அவன் ஊசி போடச் சொல்லித்தானுங்க குடுத்தான்."

விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ரத்தத்தில் ஏறிய கிருமி இறங்கவே இல்லை. மூன்றாம் வாரம் விடிகாலையில் அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து நானும் அவள் மகளும் அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்தபோது, கதவுத் தட்டில் ஊசி மருந்துப் பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. பக்கத்து மேடையில் நான் கொடுத்த டப்பாக்கள், ஒவ்வொன்றும் கழுவிக் கவிழ்த்தபடி. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மணி, உங்கம்மாவ நாந்தான் கொன்னுபோட்டேன்," என்றேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சமாவது ஆறும்.

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியுமுங்க மாமா," என்றாள். "அம்மா ஊசி போடலைன்னு எனக்கு மாசி மாசத்துலயே தெரியும். உங்ககிட்டச் சொல்லப்போனேன். 'சொல்லிப்போடாத, அவன் ஆசையாப் பறிச்சுட்டு வாரான், மனசு ஒடஞ்சு போயிருவான்'னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. சக்கரையும் கொறைஞ்சிருந்துச்சு. நானும் உட்டுட்டேன்."

இத்தனை நாளும் அவளும் இதே பாரத்தைச் சுமந்துகொண்டு என் கண்ணைப் பார்க்காமல் நடமாடியிருக்கிறாள். "உம்மேல தப்பில்ல கண்ணு," என்று நான் சொன்னேன். "உங்க மேலயும் இல்லீங்க மாமா," என்று அவள் சொன்னாள். இரண்டு பேருமே மற்றவர் சொன்னதை நம்பவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம்.

அந்த வருடம் எங்கள் இரண்டு வீட்டிலும் பொங்கல் இல்லை, காப்பும் கட்டவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போத்தனூருக்கு வருகிறாள். சாப்பிடுகிறோம், தறியைப் பற்றிப் பேசுகிறோம். அவள் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்களில் யாராவது ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.