தலையணை உறைக்குள் ஜேர்மன்

சின்னம்மாவுக்குக் கலியாணம் நடந்து மூன்றாம் கிழமையே சித்தப்பா ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டார். சின்னம்மாவும் போவதென்றால் அந்த நாட்டுப் பாஷையில் ஒரு சோதனை பாஸ் பண்ண வேண்டும். இரண்டு தடவை கொழும்புக்குப் போய் எழுதினார். இரண்டு தடவையும் தவறிவிட்டது.

"புத்தகத்தைப் பாத்துப் பாடமாக்கினா ஒண்டும் நிக்குதில்லை" என்றவர், மூன்றாம் தடவைக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். தலையணை உறை ஒன்றுக்குள் கரண்டி, பூட்டுத் திறப்பு, வெங்காயம், குளிக்கிற சவர்க்காரம் என்று வீட்டுச் சாமான்களைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கைவிட்டு, அகப்பட்டதைத் தடவியும் மணந்தும் பார்த்து அதன் ஜேர்மன் பெயரைச் சொல்வார். அவர் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த கொப்பியைப் பார்த்துச் சரியா பிழையா என்று சொல்வது என் வேலை. எனக்கு எட்டு வயது. அம்மா வேலைக்குப் போய்விடுவதால் நான் வளர்ந்ததே சின்னம்மாவின் கையில்தான்.

அந்த வழி பலித்தது. ஒருநாள் வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனதும் "ட்ஸ்வீபல்!" என்று கத்தி, என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"இந்தமுறை கட்டாயம் போயிடுவன், பிள்ளை."

அவர் போகத்தான் இவ்வளவும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் திறப்பைத் தடவியபடி "லொஃபல்" என்றார். லொஃபல் என்றால் கரண்டி. கொப்பியில் அப்படித்தான் இருந்தது.

"சரியோ?"

"ஓம், சரி."

பிறகு அது பழகிவிட்டது. பிழையாகச் சொன்னதையெல்லாம் சரி என்றேன். சரியாகச் சொன்னதில் சிலவற்றைப் பிழை என்றேன். என்னை நம்பியதால் அவர் கொப்பியைத் திருப்பிப் பார்க்கவேயில்லை. இன்றுவரை இதை நான் அவரிடம் சொன்னதுமில்லை.

மூன்றாம் தடவையும் தவறியது. சோதனை மறுமொழி வந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டு, "பிள்ளை என்னோடை எவ்வளவு பாடுபட்டது. என்ரை மண்டையிலைதான் ஏறேல்லை" என்றார். நான் முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கிழமையே சித்தப்பா போனில் கதைத்தார். சின்னம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஓம்... விளங்குது... இனி எனக்குப் போன் எடுக்கத் தேவையில்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு வந்து எனக்குத் தலை பின்னத் தொடங்கினார். பின்னல் இரண்டு தடவை குலைந்துபோனது.

"சித்தப்பா என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை. ஆடாமல் இரு."

நான் ஆடவில்லையே என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் நாளைக்கும் அவர்தான் பின்னிவிடப்போகிறார் என்ற சந்தோஷத்தில் தலையை இன்னும் நேராகப் பிடித்துக்கொண்டேன்.